முழங்கால் வலி: 'தேய்ந்துவிட்டது' என்பதுடன் சிகிச்சை முடிவதில்லை

மஸ்கெலியா நகரிலும் அதனைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் நலம் விசாரித்தால் முழங்கால் வலி பற்றிய முறைப்பாடு தவறாமல் வந்து சேரும். "எக்ஸ்ரே எடுத்தாங்க, முட்டி தேஞ்சு போச்சாம், இனி ஒன்னும் செய்ய ஏலாதாம்" என்பதே அவர்களுள் பலர் கூறும் பதிலாகும். தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் மாறினாலும் வசனம் மாறுவதில்லை. இந்த வசனத்தின் முற்பகுதி ஓரளவு உண்மை. பிற்பகுதி உண்மையன்று. ஆயினும் அந்தப் பிற்பகுதியை நம்பிவிடுவதனாலேயே, குளிசையை விழுங்கிவிட்டு இயலும்வரை மலைக்குச் செல்வது, இயலாதபோது லயன் அறையில் முடங்கிவிடுவது என்ற இரண்டு வழிகளைத் தவிர மூன்றாவது வழியொன்று இருப்பது பலருக்குத் தெரியாமலே போகின்றது.

மூட்டுத் தேய்வு நோய் மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி 2019 ஆம் ஆண்டில் 528 மில்லியன் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 365 மில்லியன் பேருக்குப் பாதிக்கப்பட்டிருந்தது முழங்காலே. நோயாளருள் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள்.

தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் அவ்விரு எலும்புகளின் முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இக்குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. அதற்கான போசணை மூட்டுக்குள் இருக்கும் பசைநீரிலிருந்தே கிடைக்கின்றது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பிழியப்படுவதும், காலைத் தூக்கும்போது மீண்டும் நீரை உறிஞ்சிக்கொள்வதுமாக, ஈரத்துணியைப் பிழிந்து விடுவதைப் போல இது நடைபெறுகின்றது. ஆகவே அளவான அசைவே குருத்தெலும்பின் உணவாகும். அசைவே இல்லாத மூட்டு பட்டினி கிடக்கின்றது. 'தேய்வு' என்ற சொல் இவ்விடத்தில்தான் மக்களைத் தவறான வழியில் இட்டுச் செல்கின்றது. செருப்பு தேய்ந்தால் அதனை அணியாமல் வைத்துப் பாதுகாக்கலாம். முழங்காலை அவ்வாறு எடுத்து வைத்துப் பாதுகாக்க முடியாது.

குருத்தெலும்பில் நரம்பில்லை என்றால் வலி எங்கிருந்து வருகின்றது என்ற வினா எழலாம். அதன் கீழுள்ள எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு, தசைநார்கள் ஆகியவற்றில் ஏற்படும் அழற்சியும் அழுத்தமுமே வலிக்குக் காரணங்களாகும். எக்ஸ்ரே படமும் வலியும் பல வேளைகளில் பொருந்தாதிருப்பதும் இதனால்தான். படத்தில் கடுமையான தேய்வு தெரியும் ஒருவர் சாதாரணமாக நடமாடுவார். சிறிதளவே தேய்வுள்ள இன்னொருவர் இரவில் உறங்க முடியாது தவிப்பார். எக்ஸ்ரே படத்தைக் கொண்டு தேய்வை நான்கு படிகளாக அளக்கும் முறையை 1957 இல் கெல்கிரன், லோரன்ஸ் என்ற இரு பிரித்தானிய மருத்துவர்கள் வகுத்தனர். இன்றும் வைத்தியர்கள் 'இரண்டாம் நிலை', 'மூன்றாம் நிலை' என்று எழுதுவது அந்த அளவுகோலின்படியே. இவ்விருவரும் அதற்கு முன்னர், 1952 இல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தேய்வு பற்றிய நவீன அறிவின் தொடக்கத்திலேயே தொழிலாளியின் முழங்கால் இடம்பெற்றுவிட்டது.

இனித் தேயிலை மலைக்கு வருவோம். இடுப்பில் படங்கு கட்டி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, ஈரமான சரிவில் காலை ஊன்றி நிற்பதில் நாளின் பெரும்பகுதி கழிகின்றது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் சுமையுடன் ஏறவோ இறங்கவோ வேண்டும். பேர்லின் நகர ஆய்வாளர்கள், முழங்காலில் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்துப் பெற்ற முடிவுகளை 2010 இல் வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது உடல் எடையின் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான சுமை முழங்காலில் விழுகின்றது. படியில் ஏறும்போது அது மூன்று மடங்கைத் தாண்டுகின்றது. இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்காகின்றது. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பெண் பத்துக் கிலோ கொழுந்துடன் படியிறங்கினால், ஒவ்வோர் அடியிலும் அவரது முழங்கால் இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தாங்குகின்றது. மாலையில் வீடு திரும்பியபின் விறகடுப்பின் முன் குந்தியிருப்பதும், குந்தியபடியே துணி துவைப்பதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஏறும்போதைவிட இறங்கும்போது வலி அதிகம் என்று தொழிலாளர் கூறுவது வெறும் கற்பனையன்று. நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு, பாவா ஆதம் மலை என்று முஸ்லிம்கள் வழங்கும் அதே மலைக்கு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் சென்று திரும்பிய எவரும் இதற்குச் சாட்சி கூறுவர்.

சிகிச்சைக்குச் செல்லுமுன் வலி இந்நோயினால்தான் ஏற்பட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு, நடமாடும்போது கூடி ஓய்வில் குறையும் வலியும், காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேற்படாத விறைப்பும் இருப்பின் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்வே. இதனை அறிய எக்ஸ்ரேகூடக் கட்டாயமன்று. ஆனால் மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, விழுந்து அடிபட்டபின் காலை ஊன்ற முடியாது போனாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கிக் காலை விறைப்பு நெடுநேரம் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கான மருந்துகள் முற்றிலும் வேறானவை.

தேய்வு என்று உறுதியானபின், உலகெங்கும் உள்ள மருத்துவ வழிகாட்டல்கள் முதலிடம் கொடுப்பது மருந்துக்கோ ஊசிக்கோ அன்று, உடற்பயிற்சிக்கே. இதைக் கேட்கும் தோட்டத் தொழிலாளி நகைக்கக்கூடும். நாள் முழுதும் மலையேறி இறங்கும் எனக்கு உடற்பயிற்சி எதற்கு என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கின்றது. இதற்கு விடை கூறாமல் 'எக்ஸசைஸ் செய்யுங்கள்' என்று ஒரு வரியில் எழுதிக் கொடுப்பதனால் பயனில்லை. வேலை வேறு, பயிற்சி வேறு. வேலையின்போது சுமை மூட்டின் மீது விழுகின்றது. களைத்தாலும் நிறுத்த முடிவதில்லை. வலிக்கும் காலைக் காப்பாற்ற உடல் மற்றக் காலில் சாய்ந்துகொள்வதனால், எத்தனை மைல் நடந்தாலும் வலிக்கும் காலின் தொடைத் தசை மெலிந்துகொண்டே போகின்றது. தொடையின் முன்புறத் தசையே முழங்காலின் அதிர்ச்சி தாங்கி. அது மெலிந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டுக்குப் போகின்றது. அந்தத் தசையை, உடற்பாரத்தை மூட்டில் ஏற்றாமல், சிறிது சிறிதாக வலுப்படுத்துவதே பயிற்சியின் நோக்கம்.

அதற்குச் செலவில்லை. கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, மனதுக்குள் ஐந்து எண்ணி, மெதுவாகக் கீழே விட வேண்டும். பத்து முறை செய்தபின் மற்றக் கால். படுக்கையில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயொன்றை வைத்து, அதனைக் கீழ்நோக்கி அழுத்துவது இரண்டாவது. இவை பழகியபின், கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி. தாழ்ந்த கதிரையைத் தவிர்த்து உயரமான கதிரையில் தொடங்குவது நல்லது. பயிற்சியின்போது சிறிது வலி தோன்றுவது இயல்பு. மறுநாள் காலைக்குள் அவ்வலி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமேயன்றி நிறுத்திவிடக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் சென்ற பின்னரே பலன் தெரியவரும். இரண்டு வாரத்தில் கைவிடுவோரே அதிகம்.

இதில் எவ்வளவு சாதிக்கலாம் என்பதை டென்மார்க்கில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கு 2013 இல் ஆரம்பித்த திட்டமொன்றின்கீழ் மூட்டுத் தேய்வு நோயாளருக்கு நோய் பற்றிய விளக்க வகுப்புகளும், வாரம் இருமுறை வீதம் ஆறு வாரப் பயிற்சியும் வழங்கப்படுகின்றன. 2015 இல் வெளியான மற்றொரு டென்மார்க் ஆய்வில், மூட்டு மாற்றத்துக்குத் தகுதியானவர்கள் என்று முடிவு செய்யப்பட்ட 100 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சத்திரசிகிச்சையும் அதன்பின் பயிற்சியும், மறு பிரிவுக்குப் பயிற்சி முதலிய சிகிச்சைகள் மாத்திரம். ஓராண்டின்பின் சத்திரசிகிச்சை பெற்றவர்களே கூடுதலான நிவாரணம் அடைந்திருந்தனர். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் மறு பிரிவினருள் நூற்றுக்கு 26 பேரே அந்த ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சையை நாடினர். சத்திரசிகிச்சை மேசைவரை வந்தவர்களிலேயே பெரும்பாலோர் ஓராண்டு காலமாவது அதைத் தள்ளிப்போட முடிந்தது என்பது இதன் பொருள்.

உடல் எடை அடுத்தது. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைவதாக 2005 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கொழுந்து பறிக்கும் பெண்களுள் மெலிந்தவர்களே அதிகமாதலால் இது அவர்களைவிட, நகரக் கடைகளில் அமர்ந்து வியாபாரம் செய்வோருக்கும் அலுவலகப் பணியாளருக்கும் கூடுதலாகப் பொருந்தும். ஊன்றுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. வலிக்கும் காலின் பக்கத்திலேயே கோலைப் பிடிப்போரை நாளும் காண்கிறோம். அது தவறு. வலது காலில் வலியெனில் கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போதே கோலும் முன்னே செல்ல வேண்டும். குந்தும் மலசலகூடத்தின் மேல் வைக்கத்தக்க, நடுவில் துளையுள்ள கதிரை ஒன்றைத் தச்சரிடம் கூறிச் செய்துகொள்ளலாம். பல குடும்பங்களில் முதியோருக்கு எந்தக் குளிசையையும்விட அதிக ஆறுதல் தரக்கூடியது அதுவே.

வழிபாட்டு வேளையிலும் இவ்வலி குறுக்கிடுகின்றது. தொழுகையில் சுஜூது செய்து எழுவதும் இருப்பில் அமர்வதும் முழங்காலை முழுமையாக மடக்குவதைக் கோருகின்றன. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது இஸ்லாம் அளித்துள்ள சலுகை. பல பள்ளிவாசல்களில் இதற்கெனக் கதிரைகளும் வைக்கப்பட்டுள்ளன. எந்த நிலையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை மௌலவிமாரிடம் கேட்டறிவதில் தயக்கம் வேண்டியதில்லை. உம்ரா, ஹஜ் கடமைக்குச் செல்வோர் ஸபா, மர்வாவுக்கிடையிலான ஏழு சுற்றுகளில் மட்டும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். மூன்று மாதங்களுக்கு முன்னரே தொடைப் பயிற்சியை ஆரம்பிப்பது அவர்களுக்கும் உசிதம், சிவனொளிபாதமலைக்கு நேர்ந்துகொண்டோருக்கும் உசிதம்.

மருந்துகளைப் பொறுத்தமட்டில், முதலில் முயன்று பார்க்க வேண்டியது டைக்ளோபெனாக் போன்ற மருந்து அடங்கிய பூசுகளிம்பு. முழங்கால் தோலுக்கு அண்மையிலுள்ள மூட்டாகையால் களிம்பு நன்கு வேலை செய்கின்றது. இரத்தத்தில் சேரும் அளவும் மிகக் குறைவு. அதே மருந்தைக் குளிசையாக உட்கொள்ளும்போதுதான் ஆபத்து தொடங்குகின்றது. இரைப்பையில் புண், இரத்தக் கசிவு, உயரும் இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியன அதன் விளைவுகள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர், நாள் முழுதும் வெயிலில் நின்று தண்ணீரும் போதியளவு அருந்தாமல், வைத்தியரின் சிட்டையின்றிக் கடையில் வாங்கிய வலிக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதாகும். அவசியமெனில் வைத்தியரின் ஆலோசனையுடன், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, வயிற்றைக் காக்கும் மருந்துடன் எடுக்கலாம். பரசிற்றமோல் இவ்வலியில் எதிர்பார்த்த அளவு பயன் தருவதில்லை என்று கண்டதனால், இங்கிலாந்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டல் அதனை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கின்றது. எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பதால் விறைப்புத் தணியும். அதில் கேடில்லை. ஆனால் பெயர்ச்சீட்டு இல்லாத 'வாத மருந்து' ஒன்று இரண்டே நாளில் அற்புதமாக வலியைப் போக்கினால், அதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்குமோ என்று ஐயுற வேண்டும்.

ஊசிகளைப் பற்றியே மக்களிடம் பெரும் எதிர்பார்ப்பு நிலவுகின்றது. மூட்டுக்குள் ஏற்றும் ஸ்டீரொய்ட் ஊசி சில வாரங்களுக்கு நிவாரணம் தரும். கடும் வலியைத் தணித்துப் பயிற்சியைத் தொடங்க அது உதவலாம். ஆனால் இரண்டாண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவ்வூசியை ஏற்றிக்கொண்டோரின் வலி, வெறும் உப்புநீர் ஏற்றிக்கொண்டோரின் வலியிலிருந்து வேறுபடவில்லை என்றும், ஊசி பெற்றோரின் குருத்தெலும்பே கூடுதலாகத் தேய்ந்தது என்றும் 2017 இல் 140 நோயாளரைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இரத்தவட்டுச் செறிவு ஊசிக்கு இன்று பெரும் விளம்பரம். 288 பேரிடம் அவுஸ்திரேலியாவில் நடத்தி 2021 இல் வெளியிட்ட ஆய்வில் அதுவும் உப்புநீரை வெல்லவில்லை. குளுக்கோசமைன் குளிசையின் கதையும் இதுவே. மூட்டுக்குள் குழாயைச் செலுத்திக் கழுவித் துப்புரவாக்கும் சிகிச்சைக்கு 2002 இல் ஹூஸ்டனில் நடந்த சோதனை முடிவுரை எழுதியது எனலாம். 180 நோயாளருள் ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டனர். அவர்களும் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களைப் போன்றே குணம் கண்டனர். அட்டியலை அடகு வைத்து ஊசிக்குப் பணம் திரட்ட நினைக்கும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இவை.

இவை யாவும் பயனளிக்காமல், வலியால் உறக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடப்பதும் கடினமாகும்போது மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை வருகின்றது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன மேற்பரப்பைப் பொருத்துவதே இதன் செயல்முறை. காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுவோர் இன்னமும் இருக்கின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. முழு முழங்கால் மாற்றுகளுள் நூற்றுக்கு 82 வீதமானவை 25 ஆண்டுகள் நீடிப்பதாக 2019 இல் வெளியான பெரும் தொகுப்பாய்வொன்று மதிப்பிட்டுள்ளது. எனினும் செயற்கை மூட்டுடன் மீண்டும் கூடை சுமந்து சரிவில் ஏறலாம் என்றோ, முன்போல் குந்தியிருக்கலாம் என்றோ எவரும் உறுதி கூற முடியாது. சத்திரசிகிச்சையின் பின்னரும் பல வாரப் பயிற்சி இன்றியமையாதது. லயன் அறைக்குச் செல்லும் வழுக்குப் படிகளையும் தொலைவிலுள்ள மலசலகூடத்தையும் எண்ணிப் பார்த்து, நாள் குறிப்பதற்கு முன்னரே குடும்பத்தினர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதற்காக மஸ்கெலியாவில் இருப்போர் செல்ல வேண்டிய தூரமும் சிறிதன்று. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய நகர் மூழ்கியபின் எழுந்த புதிய நகரில் வைத்தியசாலை உண்டு. இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை அடுத்த படி. மூட்டு மாற்றம் போன்றவற்றுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய நிலையங்களை நாட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்ததை நினைத்தால், சத்திரசிகிச்சையை மட்டும் நம்பியிருப்பது எத்துணை நிச்சயமற்றது என்பது விளங்கும். கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் இழப்பு. அங்கே ஐந்து நிமிடம் கூடக் கிடைக்காத நெரிசலில் குளிசைச் சிட்டையுடன் திரும்புவதே வழக்கம். ஆகவே கிளினிக்கில் வாய் திறந்து கேட்க வேண்டியது ஒன்றுண்டு: 'என்னை இயன் மருத்துவரிடம் அனுப்புங்கள்' என்பதே அது.

மற்றொரு விடயம் தொழிற்சங்கங்களின் கவனத்துக்குரியது. நிலத்தடியில் நெடுங்காலம் உழைத்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்வைப் பிரித்தானியா 2009 இல் தொழில்சார் நோயாக ஏற்று நட்டஈட்டுக்கு வழிசெய்தது. ஜேர்மனி அதே ஆண்டில், வாழ்நாளில் 13,000 மணித்தியாலம் முழங்காலிட்டோ அதனையொத்த நிலையிலோ வேலை செய்தோருக்கு இவ்வுரிமையை வழங்கியது. கொழுந்து பறிப்போர் முழங்காலிடுவதில்லை, ஆதலால் அந்த அளவுகோல் இங்கு அப்படியே பொருந்தாது. சரிவும் சுமையும் எத்தனை ஆண்டுகளில் எத்தகைய கேட்டை விளைவிக்கின்றன என்பதை இங்கேயே அளந்தறிய வேண்டும். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைக் கையில் எடுத்து இக்கேள்வியை எழுப்புவது நாட்சம்பளப் பேச்சுவார்த்தைக்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று.

அதுவரை தோட்ட மட்டத்தில் செய்யக்கூடியவை உள்ளன. வைத்தியரின் கடிதத்துடன் வருவோருக்குச் செங்குத்தான மலையைத் தவிர்த்து நாற்று மேடையிலோ பிள்ளைக் காம்பராவிலோ வேலை கொடுப்பதும், நிறுவையிடத்தைக் கொழுந்து பறிக்கும் இடத்துக்குச் சற்று அண்மையில் கொண்டுவருவதும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. மேலே கூறிய மூன்று பயிற்சிகளையும் தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். மாதம் ஒருமுறை இயன் மருத்துவர் ஒருவர் மஸ்கெலியாவுக்கு வந்து அவர்களைப் பார்வையிட ஏற்பாடு செய்வதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கோயில் மண்டபமும் பத்துக் கதிரைகளும் போதும்.